பெத்தம்மா பள்ளியின் விளக்கு

இரண்டு பக்கத்துக்குள் எழுதித் தரச் சொன்னார்கள். தொண்ணூற்றொரு வருடம் நடந்த பள்ளிக்கூடத்தின் வரலாற்றை இரண்டு பக்கத்தில் எழுத அதென்ன லீவ் லெட்டரா? சபையின் தலைமை மடத்திலிருந்து போனில் பேசிய சிஸ்டருக்கு முப்பது வயதுதான் இருக்கும். "சுருக்கமா இருந்தா போதும் டீச்சர், போட்டோ நெறைய போடுறோம்" என்றாள். சரி என்றேன். எழுதியும் அனுப்பிவிட்டேன். அந்த இரண்டு பக்கத்தில் ஒரு பொய்யும் கிடையாது. ஆனால் அதில் நான் இல்லை, என் தங்கை ஐரின் இல்லை. பள்ளி மூடிய பிறகு சிற்றாலயத்தில் பதினோரு வருடம் நான் ஏற்றிய விளக்கு இல்லை. அந்த விளக்குக்காகத்தான் ஐரின் சாகும்போது நான் அவள் பக்கத்தில் இல்லாமல் போனேன். அதை யாரும் எழுதித் தரச் சொல்லவில்லை. நானாக எழுதுகிறேன், எத்தனை பக்கம் ஆனாலும் ஆகட்டும்.

முதலில் ஊருக்குச் சொன்ன வரலாறு. திண்டுக்கல்லிலிருந்து மதுரை ரோட்டில் போய், இடது பக்கம் ஒரு கிலோமீட்டர் உள்ளே நடந்தால் எங்கள் பள்ளி. பிரெஞ்சுச் சாமியார் ஒருவர் 1922இல் அந்தக் கரட்டு நிலத்தை வாங்கி நான்கு கன்னியாஸ்திரிகளைக் குடிவைத்தார். பள்ளிக்குப் புனித பெர்பெத்துவம்மாள் என்று பெயர் வைத்தார். அந்தப் பெயர் சுற்றுவட்டாரத்தில் ஒருவர் வாயிலும் நுழையவில்லை. பெத்தம்மா ஸ்கூல் என்றே ஆகிவிட்டது. பஸ் கண்டக்டர்கள் இன்றைக்கும் "பெத்தம்மா ஸ்கூல் எறங்கு" என்கிறார்கள். இறங்குவதற்கு இப்போது நான் ஒருத்திதான் இருக்கிறேன்.

சிற்றாலயத்தை 1931இல் அதே சாமியார் கட்டினார். எஞ்சினீயர் யாரையும் கேட்காமல் கொத்தனாரோடு தானே நின்று கட்டியதால் ஒரு பக்கம் ஐந்து ஜன்னல், மறுபக்கம் நான்கு. நாங்கள் யாரும் அதைச் சிற்றாலயம் என்று சொன்னதில்லை, சாப்பல்தான். குஜிலியம்பாறைப் பக்கத்து மானாவாரிக்காரர் பெண்களும், பேகம்பூர்த் தோல் வியாபாரிகளின் பெண்களும், எங்களைப் போன்ற வேதக்காரப் பெண்களும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தார்கள். மற்றப் பிள்ளைகள் சாப்பலுக்குள் வர வேண்டியதில்லை என்று விதி. இருந்தாலும் பரீட்சைக் காலத்தில் எல்லாச் சாதியும் எல்லா மதமும் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய் நிற்கும். பாஸ் ஆனவர்கள் அப்புறம் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டார்கள்.

என்னையும் ஐரினையும் 1970இல் அப்பா கொண்டுவந்து போர்டிங்கில் விட்டார். எனக்குப் பத்து வயது, அவளுக்கு ஆறு. அம்மா இறந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. அப்பா வேறு கல்யாணம் செய்துகொண்டார். அவரைக் குறை சொல்லி இனி என்ன ஆகப்போகிறது. லீவுக்கு மற்றப் பிள்ளைகள் டிரங்குப் பெட்டியோடு கிளம்பும்போது நாங்கள் இருவரும் வராந்தாவில் நின்று டாட்டா காட்டுவோம். பிறகு அவ்வளவு பெரிய கட்டடத்தில் எட்டுக் கன்னியாஸ்திரிகளும் நாங்கள் இரண்டு பேரும் இருப்போம். ஐரின் என் பாவாடையைப் பிடித்துக்கொண்டே திரிவாள். எதையும் வாய்விட்டுக் கேட்கத் தெரியாத பிள்ளை. இன்னொரு கரண்டி சோறு வேண்டுமென்றாலும் என் முகத்தைத்தான் பார்ப்பாள், நான்தான் கேட்டு வாங்கிப் போடுவேன்.

பதினெட்டு வயதில் நான் மடத்தில் சேர்ந்தேன். ஒன்றரை வருடத்தில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். எனக்கு மூக்குமேல் கோபமாம், கன்னியர் வாழ்வுக்கு அது ஆகாதாம். அதைச் சொன்ன மதரோடு நான் அன்றைக்கே ஒரு மணி நேரம் சண்டை போட்டேன், ஆகவே அவர் சொன்னதில் தப்பில்லை. அப்புறம் டீச்சர் டிரெயினிங் முடித்து, அதே பள்ளியில் கணக்கு டீச்சராக வந்தேன். கல்யாணப் பேச்சு இரண்டு மூன்று வந்தது. எதையும் நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஐரினுக்குப் படிப்பு ஏறவில்லை. கோடைரோட்டு ரயில்வே கேங்மேன் ஒருவருக்குக் கட்டிக்கொடுத்தோம். அவரும் சீக்கிரம் போய்ச் சேர்ந்துவிட்டார். கைக்குழந்தை டோனியோடு திரும்பி வந்து போர்டிங் சமையலில் சேர்ந்தாள். டோனி என் மடியில் வளர்ந்த பிள்ளை. வாய்ப்பாடு சொல்லாமல் ஓடுவான், விரட்டிப் பிடிப்பேன்.

பிறகு ஊரெல்லாம் மஞ்சள் பஸ் வைத்த இங்கிலீஷ் பள்ளிகள் வந்தன. மடத்தில் சேரவும் பெண்கள் வரவில்லை. கடைசியில் நாற்பத்தொரு பிள்ளைகளும் வயதான சிஸ்டர்கள் ஐந்து பேரும்தான் மிஞ்சினார்கள். 2013 மே மாதம் பள்ளியை மூடினார்கள்.

அந்தக் கடைசிப் பூசையைப் பற்றிக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும். சாப்பலில் பீடத்துக்குப் பின்னால் பேழை என்று ஒரு சின்னப் பெட்டி உண்டு. பூசையில் மந்திரித்த அப்பத்தை, நற்கருணை என்போம், அதற்குள் வைத்துப் பூட்டுவார்கள். எங்களுக்கு அது அப்பமில்லை, ஆண்டவர். அவர் உள்ளே இருக்கிறார் என்பதற்கு அடையாளமாகப் பக்கத்தில் சிவப்புக் கண்ணாடி போட்ட எண்ணெய் விளக்கு ஒன்று இரவும் பகலும் எரியும். பெட்டி காலியானால் விளக்கை அணைத்துவிடுவார்கள். விளக்கு எரிந்தால் ஆள் இருக்கிறார், முழங்காலிட வேண்டும். இது எங்கள் வீட்டுச் சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

அன்றைக்குப் பிரசங்கம் முடியும்போது, சாமான் ஏற்ற வந்த லாரி வெளியே ஹாரன் அடித்தது. ஒரு தடவை இல்லை, ஏழெட்டுத் தடவை. மதர் என்னைத் திரும்பிப் பார்த்தார். இந்த மாதிரி வேலைக்கு எப்போதும் என்னைத்தான் பார்ப்பார்கள். நான் எழுந்து போய் அந்த டிரைவரை வாங்கு வாங்கென்று வாங்கினேன். அவன் பயத்தில் வண்டியைப் பின்னால் எடுத்துச் சாக்கடையில் இறக்கிவிட்டான். அதைத் தூக்க ஆள் பிடித்து, கல் போட்டு, முக்கால் மணி நேரம் ஆகிவிட்டது. திரும்பி வந்தபோது பூசை முடிந்து எல்லோரும் வெளியே நின்று அழுதுகொண்டும் போட்டோ எடுத்துக்கொண்டும் இருந்தார்கள். உள்ளே ஐரின் மட்டும் பீடத்துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். பேழைக் கதவு பூட்டியிருந்தது. விளக்கு அணைந்திருந்தது.

எனக்கு வந்த கோபம் சொல்லி முடியாது. போகிற அவசரத்தில் ஆண்டவரை இருட்டில் விட்டுவிட்டுப் போகிறார்களே என்று நினைத்தேன். எண்ணெய் ஊற்றி, திரியைத் தூண்டி, நானே ஏற்றினேன். அரை மணி நேரத்தில் சிஸ்டர்கள் வேனில் ஏறிப் போனார்கள். ஐரினும் டோனியும் கோடைரோட்டு வீட்டுக்குப் போனார்கள். கேட்டை ஒட்டிய அறையில் நான் இருந்துகொண்டு கட்டடத்தைப் பார்த்துக்கொள்வதாக ஏற்பாடு. சாவிக்கொத்து என் கையில். பேழைச் சாவி மட்டும் அதில் இல்லை, அது மதரோடு போய்விட்டது.

அந்த விளக்கில் ஒரு நாளைக்கு மட்டுமே எண்ணெய் பிடிக்கும். சாயங்காலம் ஆறு மணிக்கு ஊற்றினால் மறுநாள் ஆறு மணி வரை தாங்கும். ஆகவே பதினோரு வருடத்தில் ஒரு ராத்திரிகூட நான் வேறு கூரையின் கீழ் தூங்கியதில்லை. வேளாங்கண்ணிக்குப் போனதில்லை. கூடப் படித்தவளின் மகள் கல்யாணம் திருச்சியில் நடந்தது, போகவில்லை. முழங்கால் வீங்கியபோது ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் படுக்கச் சொன்னார்கள், மாத்திரையை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். கேட்டவர்களிடம் "ஆண்டவரைத் தனியா விட முடியாது" என்பேன். கேட்டவர்கள் ஒரு மாதிரி பார்ப்பார்கள். பார்க்கட்டுமே.

உண்மையைச் சொன்னால் தனியாக இருந்தது நான்தான். காலி வகுப்புகளில் புறா அடைந்தது. கிணற்றடியில் பூனை குட்டி போட்டது, அதுவும் ஒரு நாள் குட்டிகளோடு எங்கோ போய்விட்டது. சில நாள் காலையிலிருந்து ஒரு வார்த்தை பேசாமலே சாயங்காலம் ஆகிவிடும். ஆறு மணிக்குச் சாப்பலைத் திறந்து விளக்கைப் பார்த்ததும்தான் என் தொண்டை திறக்கும். அன்றைக்கு நடந்ததையெல்லாம் சொல்லுவேன். கரண்ட் பில், தண்ணி வராதது, எந்தக் கட்சி ஜெயித்தது, எல்லாம். சண்டையும் போடுவேன். முப்பது வருடத்துக்கு மேல் வகுப்பில் கத்தியிருக்கிறேன், இவ்வளவு பொறுமையாக என் பேச்சை யாரும் கேட்டதில்லை.

பேழையில் வைத்ததை மாதத்துக்கு ஒரு தடவையாவது மாற்ற வேண்டும் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். தலைமை மடத்துக்கு மூன்று கடிதம் எழுதினேன். "சாப்பல் சம்பந்தமாக ஒரு சாமியாரை அனுப்பவும்" என்று மட்டும் எழுதினேன். கிணற்றில் போட்ட கல்தான். கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டை வந்தது. பங்குக் கோவிலில் ஞாயிறு பூசைக்குப் போகும்போது அங்கிருந்த சாமியாரிடம் வாய்விட்டுக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. கேட்டால் வந்து எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள் என்று பயம். அப்புறம் அந்தக் கட்டடத்தில் எனக்கு யார் இருக்கிறார்கள்? இதை இப்போது எழுதும்போது வெட்கமாக இருக்கிறது. இருந்தாலும் எழுதத்தான் வேண்டும்.

மூன்று வருடத்துக்கு முன் ஐரின் விழுந்துவிட்டாள். இரண்டு கிட்னியும் போய்விட்டன. மதுரை ஆஸ்பத்திரியில் இனி வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். டோனி அப்போது நிலக்கோட்டை மார்க்கெட்டிலிருந்து பூ ஏற்றிப்போகும் வேன் ஓட்டிக்கொண்டிருந்தான். அவன் வேனை நிறுத்திவிட்டு அம்மா பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டான். நான் தினமும் காலை முதல் பஸ்ஸில் போவேன், சாயங்காலம் நாலே முக்கால் பஸ்ஸில் திரும்புவேன். பத்தொன்பது நாள் அப்படிப் போனேன். துடைத்துவிடுவேன், கஞ்சி ஊட்டுவேன், தலை வாரிவிடுவேன். விளக்கு எரிகிறதா என்று அவள் ஒரு நாளும் கேட்டதில்லை. அதை நான் அப்போது கவனிக்கவில்லை.

கடைசி நாள் வெள்ளிக்கிழமை. நாலரைக்கு நான் பையை எடுத்தபோது ஐரின் என் முந்தானையைப் பிடித்தாள்.

"அக்கா, இன்னைக்கி இருக்கியா?"

எதையும் கேட்காத பிள்ளை கேட்டது. அப்போதே எனக்குப் புரிந்திருக்க வேண்டும். "எண்ணெ ஊத்தணுமேடி. ராத்திரி ஒரு பொழுதுதான, முதல் பஸ்ஸுக்கு வந்துருவேன்ல" என்றேன்.

டோனி குதித்தான். "ஒரு நாள் வெளக்கு எரியலைன்னா என்ன பெரியம்மா? அம்மா கேக்குதுல்ல? செத்த நேரம் இருங்க, நான் வேன்ல கொண்டுபோய் விடுறேன்."

"அவளத் தனியா விட்டுட்டு நீ வேன் எடுக்கப்போறியா? பேசாம இரு" என்றேன். டீச்சர் குரலில்தான் சொன்னேன்.

ஐரின் முந்தானையை விட்டுவிட்டாள். "பஸ் போயிரும். போக்கா" என்றாள். அவள் முகத்தில் கோபம் இல்லை, வருத்தமும் அவ்வளவாக இல்லை. வாசலில் திரும்பிப் பார்த்தேன், கையை லேசாகத் தூக்கினாள். விடியற்காலை ஐந்தரைக்கு நான் பஸ்ஸுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது டோனி போன் செய்தான். அரை மணி நேரத்துக்கு முன்தான் உயிர் போயிருந்தது.

கல்லறையில் மண் போட்டுவிட்டு எல்லோரும் கை கழுவும்போது டோனி என் எதிரில் வந்து நின்றான். "ஒங்க ஆண்டவரு தனியா இருப்பாருன்னு ஓடுனீங்கள்ல? எங்கம்மா வாசலையே பாத்துக்கிட்டு கெடந்துச்சு. இனிமே எங்க வீட்டுப் பக்கம் வராதீங்க பெரியம்மா."

நான் வாயை மூடிக்கொண்டு வந்திருக்கலாம். என் வாய் எங்கே மூடும்? "மனுசருக்கு முந்தி ஆண்டவர்டா. ஒங்கம்மாவுக்கே அது தெரியும்" என்றேன். கையில் ஐரின் குழி மண் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. அவன் என்னைப் பார்த்த பார்வையை மூன்று வருடமும் நான் மறக்கவில்லை. அதற்குப் பிறகு அவனும் போன் செய்யவில்லை, நானும் போகவில்லை. சாயங்காலம் விளக்கில் எண்ணெய் ஊற்றும்போதெல்லாம் பேழையைப் பார்த்து ஒன்றை மட்டும் சொல்லுவேன். "உமக்காகத்தான் வந்தேன். அவளை நீர்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்." அந்தப் பிடிமானத்தில்தான் நாள் ஓடியது. ஆண்டவருக்காக விட்டது தப்பாகாது என்று நான் நம்ப வேண்டியிருந்தது, இல்லாவிட்டால் என்னால் அந்தப் பஸ்ஸில் ஏறியதைத் தாங்க முடியாது.

இந்த வருடம் கட்டடம் விலைபோனது. பேகம்பூர் அப்துல் சுக்கூர் வாங்கினார், பெண்களுக்கு நர்சிங் காலேஜ் வைக்க. அவர் மனைவி சர்புன்னிசா என் பழைய மாணவி. பத்தாம் வகுப்பில் அல்ஜீப்ராவுக்காக என்னிடம் வாங்கிய அடியை இன்றைக்கும் சிரித்துக்கொண்டு சொல்லுவாள். "நீங்க எங்கயும் போக வேணாம் டீச்சர். கேட் ரூம் ஒங்களுக்குத்தான். அவர்ட்ட சொல்லிட்டேன்" என்றாள். சாப்பலை நூலகம் ஆக்கப்போகிறார்களாம். ஒரு பக்கம் நான்கு ஜன்னலாக இருப்பதைப் பற்றி நான் முன்னதாகவே எச்சரித்துவிட்டேன்.

கட்டடத்தைக் கொடுக்கும் முன் ஆயர் இல்லத்திலிருந்து சாமியார் வந்து, அது இனி வழிபாட்டு இடம் இல்லை என்று கடிதம் வாசித்துவிட்டுப் போக வேண்டும். ஜூன் மாதம் ஒரு புதன்கிழமை தேதி சொன்னார்கள். பேழைச் சாவியும் அவரிடம் வருகிறது என்றார்கள். அதைக் கேட்டு நான் இரண்டு நாள் தூங்கவில்லை. ஆண்டவர் பங்குக் கோவிலுக்குப் போகப்போகிறார், சும்மா அனுப்ப முடியுமா? சாப்பலிலிருந்து கேட் வரைக்கும் பாதையைப் பெருக்கித் தண்ணீர் தெளித்தேன். நிலக்கோட்டை மல்லிகை இரண்டு பந்து வாங்கிக் கட்டினேன். மெழுகுவர்த்தி, கைமணி, நான் மடத்தில் சேர்ந்தபோது தந்த வெள்ளை முக்காடு எல்லாம் எடுத்துவைத்தேன். பவனியில் நடக்க நான் ஒருத்திதான். இருந்தாலும் பவனி பவனிதான்.

ஸ்தனிஸ்லாஸ் சாமி காலை பத்து மணிக்கு பைக்கில் வந்தார். சின்ன வயது. சர்புன்னிசாவும் சாவி வாங்க வந்திருந்தாள், செருப்பைக் கழற்றிவிட்டு வாசலோடு நின்றாள். சாமி உள்ளே வந்ததும் எரிகிற விளக்கைப் பார்த்துச் சட்டென்று முழங்காலிட்டார். பிறகு எழுந்து, கையிலிருந்த தாளை ஒரு தடவை பார்த்தார், விளக்கை ஒரு தடவை பார்த்தார்.

"டீச்சர், பேழையில நற்கருணை இருக்கா?"

"இருக்காரு சாமி. நான் கைமணி வச்சிருக்கேன், நீங்க எடுத்த ஒடனே அடிக்கிறேன்."

அவர் தயங்கிக்கொண்டே உறையிலிருந்து சாவியை எடுத்தார். துரு ஏறிய பூட்டு மூன்று தடவை திருகிய பிறகு திறந்தது. நான் முழங்காலில் நின்று தலையைக் குனிந்துகொண்டேன். மணியை அடிக்கப் போனேன்.

"டீச்சர்" என்றார். "கொஞ்சம் எழுந்து வாங்க."

உள்ளே ஒன்றும் இல்லை. சதுரமாக மடித்த ஒரு வெள்ளைத் துணி, அதன்மேல் தூசி. அப்பம் வைக்கும் பாத்திரம்கூட இல்லை.

சாமி தலைமை மடத்துக்குப் போன் போட்டார். அந்தக் காலத்தில் எங்கள் பீடத்து வேலைகளைப் பார்த்த சிஸ்டர் ஆனந்தமேரி அங்கேதான் படுக்கையில் இருக்கிறார். ஸ்பீக்கரில் அவர் குரல் தெளிவாகக் கேட்டது. "கடைசிப் பூசையிலயே எல்லாத்தையும் குடுத்து முடிச்சாச்சே சாமி. பாத்திரத்த நாங்க கையோட கொண்டுவந்துட்டோம். வெளக்க நான்தான் அணைச்சேன். பல்லி கில்லி போகும்னு கதவப் பூட்டிவச்சோம். ஏன், என்ன ஆச்சு?"

நாலாயிரம் சாயங்காலத்துக்கு மேல் காலிப் பெட்டியின் முன்னால் நின்று பேசியிருக்கிறேன். அதுகூடப் போகட்டும், பைத்தியக்காரத்தனம் என்று சிரித்துவிடலாம். ஐரின் முந்தானையைப் பிடித்தாளே, அதை எங்கே கொண்டுபோய் வைப்பேன்? யாரும் இல்லாத பெட்டிக்காக என் தங்கையை விட்டுவிட்டு ஓடிவந்திருக்கிறேன்.

"உங்க விசுவாசத்த ஆண்டவர் ஏத்துக்கிட்டிருப்பார் டீச்சர்" என்றார் சாமி.

"அத ஞாயித்துக்கெழம பிரசங்கத்துல சொல்லுங்க சாமி" என்றேன். பாவம், அவர் என்ன செய்வார். விளக்கை நானே ஊதி அணைத்தேன். அவர் கடிதத்தை வாசித்து முடிக்கும் வரை நின்றேன். ஒரு வார்த்தையும் காதில் விழவில்லை. சர்புன்னிசா நாற்காலி கொண்டுவந்து போட்டுத் தண்ணீர் கொடுத்தாள். அவளுக்கு எல்லாம் புரிந்ததா என்று தெரியவில்லை, என் கையை மட்டும் விடவில்லை.

"எங்கயாச்சும் போகணுமா டீச்சர்? கார் நிக்கிது."

"கோடைரோட்டுல விடச் சொல்லும்மா" என்றேன்.

போகும் வழியெல்லாம் இரண்டு மனது. டோனியிடம் சொல்லாமல் இருந்துவிடலாம். அவனுக்கு என்மேல் இருப்பது கோபம் மட்டும்தான், இதையும் சொன்னால் என்னை மனுசியாகவே மதிக்க மாட்டான். ஆனால் கல்லறையில் அவன் முகத்துக்கு நேராக நான் சொன்ன வார்த்தை ஒன்று இருக்கிறது. அதைத் திருப்பி எடுக்காமல் எனக்கு இனி சாவுகூட நல்லபடியாக வராது என்று தோன்றியது.

அவன் வீட்டு முன்னால் வேனைக் கழுவிக்கொண்டிருந்தான். காலை லோடு இறக்கிவிட்டு வந்திருப்பான், வேனுக்குள் உதிர்ந்த மல்லிகை தண்ணீரோடு வெளியே வந்துகொண்டிருந்தது. என்னைப் பார்த்தும் ஹோஸை நிறுத்தவில்லை. மெலிந்திருந்தான், முன்தலையில் முடி கொட்டியிருந்தது.

"பெட்டியில ஒண்ணும் இல்ல டோனி" என்றேன். "இன்னைக்கிச் சாமியார் வந்து தொறந்தாரு. ஸ்கூல் மூடுன நாள்ல இருந்தே காலிதானாம். ஒங்கம்மாவ நான் ஒண்ணுமில்லாததுக்கு விட்டுட்டுப் போயிட்டேன்டா."

அவன் குனிந்து குழாயை மூடினான். ஹோஸைச் சுருட்டி வைத்தான். அப்புறம்தான் நிமிர்ந்தான்.

"தெரியும் பெரியம்மா."

"என்ன தெரியும்?"

"காலின்னு தெரியும். அம்மாதான் சொல்லுச்சு. சாமியாரு பெட்டியத் தொடச்சத அது நின்னு பாத்துச்சு. நீங்க லாரிக்காரன்ட்டச் சண்ட போட்டுட்டு வந்து வெளக்கப் பொருத்துனதையும் பாத்துச்சு."

"அன்னைக்கே ஏன்டா எங்கிட்டச் சொல்லல அவ?"

"சொல்லணும்னுதான் கிட்ட வந்துச்சாம். நீங்க முட்டி போட்டு, 'யாரு போனாலும் நான் இருக்கேன் ஆண்டவரே'ன்னு சத்தமாச் சொன்னீங்களாம். அதுக்கு மேல அதுக்கு வாய் வரலையாம்."

அப்படிச் சொன்னது எனக்கே மறந்துபோயிருந்தது. அவள் சாகும் வரை எட்டு வருடம். வாரா வாரம் நான் கோடைரோட்டுக்கு வந்து, ஆண்டவருக்கு நான்தான் துணை என்று பெருமை அடித்துவிட்டு, நாலே முக்கால் பஸ்ஸுக்கு ஓடியிருக்கிறேன். அவள் ஒவ்வொரு தடவையும் வாசல் வரை வந்து வழியனுப்பியிருக்கிறாள்.

"அந்த வெள்ளிக்கெழம நீங்க போன ஒடனே நான் அம்மாட்ட சண்ட போட்டேன்" என்றான் டோனி. "பஸ்ஸ மறிச்சு உண்மையச் சொல்லிக் கூட்டிட்டு வாரேன்னு வேன் சாவிய எடுத்தேன். தலையில அடிச்சுச் சத்தியம் பண்ணச் சொல்லிருச்சு. 'நானும் போயிட்டா அவளுக்கு அந்தப் பெட்டிதான்டா இருக்கு. அதையும் பிடுங்கிப் போட்டுறாத'ன்னுச்சு. அதான் நான் ஒங்களப் பாக்க வரவே இல்ல. பாத்தா சொல்லிப்புடுவேன்."

என்னை நிறுத்த அவளுக்கு ஒரு வார்த்தை போதும். சாகிற நேரத்தில், அக்கா பக்கத்தில் வேண்டும் என்று ஆசையாக இருந்தபோது, அந்த வார்த்தையை வாய்க்குள்ளேயே வைத்துக்கொண்டு என்னைப் பஸ்ஸுக்கு அனுப்பியிருக்கிறாள். ஆறு வயதில் கேட்கத் தெரியாத பிள்ளை என்று நினைத்து அவளுக்காகப் பரிதாபப்பட்டவள் நான். அவ்வளவு பிரியத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியவில்லை.

"கடைசியா ஏதாச்சும் பேசுனாளா?" என்றேன்.

டோனி ரோட்டைப் பார்த்தான். "விடியறதுக்கு முந்திக் கண்ணத் தொறந்துச்சு. பார்வ இல்ல. 'அக்கா வந்துட்டாளா'ன்னு கேட்டுச்சு."

"நீ என்ன சொன்ன?"

"வந்துட்டாங்கன்னேன். இந்தா பக்கத்துலதான் உக்காந்திருக்காங்கன்னு சொன்னேன். கையத் தேடுச்சு. நான் எங்கையக் குடுத்தேன் பெரியம்மா. அதப் பிடிச்சுக்கிட்டுதான் போச்சு."

அவன் கை ஈரமாக இருந்தது. நான் அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, தெருவில் போகிறவர்கள் பார்க்கப் பார்க்க அழுதேன்.